முள்ளிக்கரை ஸ்டேஷன் பூட்டு

முள்ளிக்கரை போலீஸ் ஸ்டேஷனின் லாக்கப் பூட்டு முதன்முதலாகத் தானாகத் திறந்துகொண்டது ஓர் ஆடிச் செவ்வாய் மத்தியானம், ஏட்டு ஆறுமுகநயினார் சோற்றுவாளியின் மூடியைத் திறந்து, பெண்டாட்டி பேராச்சி இன்றைக்குச் சுண்டவத்தல் போட்டிருக்கிறாளா, இல்லை நேற்றைய புளிக்குழம்பையே சுட வைத்து அனுப்பியிருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில். ளொடக் என்று ஒரு சத்தம். உள்ளே, கோழி திருடியதாகப் பிடித்துப் போட்டிருந்த மாடக்கண்ணு சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஏட்டு எழுந்து போய் பூட்டை அமுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். முதல் கவளத்தை வாயில் வைக்கும்போது மறுபடியும் ளொடக். சாப்பிட்டு முடிப்பதற்குள் இப்படிப் பல தடவை எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் எரிச்சலாகி, "ஏ மாடக்கண்ணு, நீயும் வந்து ரெண்டு வாய் தின்னுட்டுப் போயேம்ல, இந்தப் பூட்டு என்னைய திங்க விட மாட்டேங்கு" என்று கூப்பிட்டுவிட்டார். சாயங்காலம் கோழிக்காரி வந்து, கோழி எங்கேயும் போகவில்லை, வைக்கோல் படப்புக்குள் அடை கிடந்திருக்கிறது, இப்போது குஞ்சும் குறுமானுமாக வந்து நிற்கிறது என்று சொல்லி, மாடக்கண்ணுவின் கையில் முட்டைகளைக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

முள்ளிக்கரைக்காரர்கள் இதை ஓர் அதிசயமாக எடுத்துக்கொண்டு மூக்கில் விரலை வைத்ததாகத் தெரியவில்லை. கிழக்குத் தெரு பம்பில் உப்புத் தண்ணீர் வரும், மேலத் தெரு பம்பில் நல்ல தண்ணீர் வரும் என்பது மாதிரி, நம்ம ஸ்டேஷன் பூட்டு தப்புச் செய்யாத ஆளை உள்ளே வைத்துக்கொள்ளாது என்பதும் ஊரைப் பற்றித் தெரிந்துவைத்திருக்க வேண்டிய சங்கதிகளில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. எதற்காகப் பூட்டுகிறோம் என்பதைச் சாவி கையில் இருக்கும்போதே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கோவிலில் அர்ச்சனைக்குப் பேரும் நட்சத்திரமும் சொல்வதுபோல. சொல்லாமல் பூட்டினால் பூட்டு குழம்பிப்போய் யாரையும் உள்ளே வைத்துக்கொள்வதில்லை என்பதை ஏட்டுதான் கண்டுபிடித்தார். அதன் பிறகு பெண்கள் புருஷன்மார்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். "சீட்டு வெளையாடவே இல்லன்னு சாதிக்காரு ஏட்டையா, செத்த உள்ள போட்டுப் பாருங்க" என்பார்கள். பூட்டு திறக்காவிட்டால், "இருக்கட்டும், விளக்கு வைக்குமுன்ன வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று விட்டுவிட்டுச் சந்தைக்குப் போய்விடுவார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பார்க்கப் போகிற வழியில், மாப்பிள்ளையே இங்கே வந்து ஒரு பத்து நிமிஷம் இருந்துவிட்டுப் போனால் நல்லது என்று சொல்லி அனுப்பினார்கள். முதலில் அதை அவமானமாக நினைத்த மாப்பிள்ளை வீட்டார், பிறகு, எங்கள் பையனுக்குப் பூட்டு உடனே திறந்துகொண்டது என்று கல்யாண வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்பவர்களும் உள்ளே இருந்துவிட்டு வர வேண்டும் என்று யாரோ பேச்சை எடுத்தபோது மட்டும், இரண்டு கட்சிக்காரர்களும் ஒற்றுமையாக இருந்து அந்தப் பேச்சை அமுக்கிவிட்டார்கள்.

செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் பூட்டுக்குப் பூச்சரம் வந்தது. கம்பியில் எலுமிச்சம்பழம் குத்தினார்கள். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வருகிறவர்கள் குறைந்துபோனதால் அம்மன் கோவில் பூசாரி கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், பிறகு தன் மச்சினனோடு இருந்த வரப்புத் தகராறுக்கு அவரே ஸ்டேஷனுக்கு வந்து உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டு, வெளியே வந்து விபூதி பூசிவிட்டுப் போனார், பூட்டுக்கு.

இதில் எல்லோரையும்விட நிம்மதியாக இருந்தவர் ஆறுமுகநயினார்தான். அவர் கெட்ட மனிதர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். லாக்கப்பில் இருப்பவனுக்குத் தன் காசில் டீ வாங்கிக் கொடுப்பார். டீயைக் குடித்து முடித்ததும் கிளாஸை வாங்கி வைத்துவிட்டுப் பூட்டவும் பூட்டுவார். எத்தனையோ இன்ஸ்பெக்டர்கள் வந்தார்கள், போனார்கள், எல்லோருக்கும் அவரிடம் இருந்த ஒரே பதில், "சரிங்கய்யா." அடி என்றால் அடித்தார், கையை ஓங்கிய வேகம் இறங்கும்போது இருக்காது என்றாலும் அடித்தார். பிடித்துக்கொண்டு வா என்றால் பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து பாயில் படுத்த பிறகு சில முகங்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும், அப்போது திரும்பிப் படுத்துக்கொள்வார். பூட்டு திறக்க ஆரம்பித்த பிறகு அந்த முகங்கள் வரவில்லை. "நான் பூட்டத்தான்யா செஞ்சேன், அது தெறந்துக்கிட்டா நான் என்ன பண்ண?" என்று மேலே சொல்லவும், கீழே உள்ளவனிடம், "போ, போய் நல்லாரு" என்று சொல்லவும் முடிந்தது. ஒரு மனிதன் வேலையையும் காப்பாற்றிக்கொண்டு நல்லவனாகவும் இருக்க இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார்.

அப்புறம்தான் இன்ஸ்பெக்டர் கார்வண்ணன் மாற்றலாகி வந்தார். செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர், சின்ன வயது, அம்மாவுக்கு ஒரே பிள்ளை. மேலிடத்திலிருந்து போன் வந்தால் அறையில் தனியாக இருந்தாலும் எழுந்து நின்றுதான் பேசுவார். அவர் வந்த நேரம், ஊர்ப் பெரியகுளத்தில் பாதியைத் தூர்த்துச் சரக்கு வைக்கிற சர்க்கார் கிட்டங்கி கட்டப்போவதாக உத்தரவு வந்திருந்தது. மண் லாரிகள் வந்தன. ஊர் இளவட்டங்கள் சிலர் கரையில் போய் லாரிக்கு முன்னால் படுத்துக்கொண்டார்கள். அடிக்கல் நாட்ட அமைச்சர் வர வேண்டும், அதுவரை இவர்கள் எழுந்து வந்து படுக்காமல் இருக்க வேண்டும். எனவே, அவர்கள் உட்கார்ந்து பேசுகிற வாடகை அறையில் பெட்ரோல் நிரப்பிய பாட்டில்கள் எடுத்ததாக ஒரு கேஸ் போடச் சொல்லி மேலேயிருந்து போன் வந்தது, இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டு கேட்டார். பங்கில் போய் பாட்டில்களில் பெட்ரோல் பிடித்து, சாக்குச் சுற்றி ஜீப்பில் வைத்துக்கொண்டு வந்தது ஆறுமுகநயினார்தான். சொன்னார்கள், செய்தார். இளவட்டங்களைப் பக்கத்து ஊர் ஸ்டேஷனில் அடைத்தார்கள், அங்கே பூட்டுக்கு ஒன்றும் தெரியாது.

எல்லாம் சரியாக இருந்தது, ஒரு சாட்சிக் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அந்த அறைக்கு அடுத்த கடை டெய்லர் ஞானதிரவியத்துடையது. சபையில் காணிக்கைத் தட்டு எடுக்கிற, மூக்குக்கண்ணாடி போட்ட மனிதர், குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை, அவர் பார்த்தேன் என்று சொன்னால் முள்ளிக்கரை முழுக்க நம்பிவிடும். ஸ்டேஷனில் அத்தனை பேருக்கும் காக்கி தைத்துக் கொடுப்பவரும் அவர்தான். வருஷத்துக்கு வருஷம் ஏட்டின் இடுப்பளவு ஏறிக்கொண்டே போனதை, கடையில் வேறு ஆள் இருந்தால் வாய்விட்டுச் சொல்லாமல், டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "போன வருசம் மாதிரிதான் ஏட்டையா" என்று சொல்லித் துணியைத் தளர்த்திவிடுகிற நாகரிகம் அவருக்கு உண்டு.

"உங்க பக்கத்து ரூம்ல பாட்டில் எடுத்தோம், நீங்க பாத்தீங்க. இங்க ஒரு கையெழுத்து" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் பாக்கலையேய்யா."

"எடுத்தோம்னு நாங்க சொல்றோம் இல்ல?"

"நீங்க எடுத்திருப்பீய. நான் பாக்கல. அந்நேரம் நான் சட்டைக்குப் பட்டன் காஜா எடுத்துக்கிட்டு இருந்தேன், ஊசிக் கண்ணுல இருந்து பார்வைய எடுக்க முடியாதுல்லா."

இன்ஸ்பெக்டர் பாட்டில்களைக் கொண்டுவரச் சொல்லி மேசையில் வரிசையாக வைத்தார். "இப்ப பாத்தாச்சா?"

"பாத்துட்டேன்யா. மேசையில இருக்கதப் பாத்தேன்னு வேணும்னா எழுதுங்க, போட்டுத் தாரேன்."

அவர் குறும்புக்குச் சொல்லவில்லை. முடிந்த உதவியைச் செய்ய வேண்டும் என்றுதான் சொன்னார். ஆனால் இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏட்டு, இவரு ரூம்ல பாத்தது ஞாபகம் வர்ற வரைக்கும் உள்ள இருக்கட்டும்" என்றார்.

ஆறுமுகநயினார், "சரிங்கய்யா" என்றார். டெய்லரை உள்ளே அனுப்பி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, வழக்கப்படி, "ரூமுக்குள்ள பாட்டில் எடுத்ததக் கண்ணால பாத்தும், பாக்கலன்னு பொய் சொன்ன விசயத்துல" என்று சொல்லிப் பூட்டினார். அவர் சாவியை இடுப்பில் செருகுவதற்குள் பூட்டு திறந்துகொண்டது. இன்ஸ்பெக்டர் தானே வந்து பூட்டினார். திறந்தது. அவர் படித்தவர், யோசித்தார். பொய்யைச் சொன்னால்தானே திறக்கிறது, உண்மையையே சொல்லுவோம் என்று, "போலீஸ் சொன்ன இடத்துல கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னதுக்காக" என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லிப் பூட்டினார். ளொடக்.

"இது உண்மைதானே ஏட்டு?"

"உண்மைதான்யா. ஆனா அதக் குத்தமா எடுத்துக்கல போலுக்கு."

டெய்லர் வீட்டுக்குப் போனார். மறுநாள் காலையில் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பூட்டு திறந்தது, போனார். அதற்கு மறுநாளும் அப்படியே. கடைக்குப் போகிற வழியில் ஸ்டேஷனில் ஒரு எட்டு உட்கார்ந்துவிட்டுப் போவது அவருக்கே பழகிவிட்டது, காஜா எடுக்க வேண்டிய சட்டைகளைக் கையோடு கொண்டுவந்துவிடுவார். அமைச்சர் வருகிற தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. போன் வந்துகொண்டிருந்தது, இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் ஒரு நாள் தலையைப் பிடித்துக்கொண்டு, "ஏன்யா, இந்த மனுஷன் பொறந்ததுலருந்து ஒரு தப்பும் பண்ணதில்லையா?" என்று கேட்டார்.

ஸ்டேஷன் ரைட்டர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "தப்புன்னா, தீபாவளிக்கு ஒரு வருசமும் சொன்ன தேதிக்குத் துணி குடுத்ததில்லய்யா" என்று சொல்லிச் சிரித்தார்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. எழுந்து போனார். "தீபாவளிக்குச் சொன்ன தேதியில் துணி தைத்துக் கொடுக்காத குற்றத்துக்காக" என்று சொல்லிப் பூட்டினார். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். பூட்டு திறக்கவில்லை.

உள்ளே ஞானதிரவியம் தலையைக் குனிந்துகொண்டார். "அது வாஸ்தவந்தான்யா" என்றார்.

சங்கதி பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் ஊர் வந்துவிட்டது. முதலில் எல்லோருக்கும் சிரிப்புத்தான். நாங்கள் எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், பூட்டுதான் சரியாகப் பிடித்தது என்று சொன்னவர்களும் உண்டு. வெயில் ஏற ஏறச் சிரிப்பு குறைந்தது. பருத்திக்கடைக்காரர் மனைவிதான் முதலில் கம்பிக்குப் பக்கத்தில் வந்து, "தலத் தீபாவளிக்கு என் ரவிக்கைய மத்தியானம் கொண்டாந்து குடுத்தாரு, பழைய ரவிக்கையோடதான் எண்ண தேச்சுக் குளிச்சு நின்னேன், பரவாயில்ல, நான் மன்னிச்சுட்டேன்" என்று பூட்டைப் பார்த்துச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் ஒரு வரிசை உண்டாகிவிட்டது. கால்சட்டைக்கு ஒரு கால் மட்டும் தைத்து வாங்கிக்கொண்டு போனவர், வெடி போடப் புதுச் சட்டை இல்லாமல் அழுதவர், அன்று அழுத பிள்ளைக்கு இப்போது பிள்ளை பிறந்து தாத்தாவாகிவிட்டவர் என்று ஒவ்வொருவராக வந்து பழைய தீபாவளிகளையெல்லாம் ஸ்டேஷன் வாசலில் இறக்கி வைத்தார்கள். ஞானதிரவியம் ஒவ்வொருவருக்கும் உள்ளேயிருந்து கும்பிடு போட்டார். அந்த மத்தியானம் ஊரே ஒரு வீடு மாதிரி இருந்தது. ஏட்டு எல்லோருக்கும் மோர் வாங்கிக் கொடுத்தார்.

வரிசை முடிந்தும் பூட்டு திறக்கவில்லை. இன்னும் யார் பாக்கி என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோர் கண்ணும் ஏட்டின் மேல் விழுந்தது. ஆள் விட்டுப் பேராச்சியைக் கூப்பிட்டு வந்தார்கள்.

பேராச்சி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "எந்தங்கச்சி கல்யாணத்து வருசத் தீபாவளிக்கு நாள் தாண்டிக் குடுத்ததுமில்லாம, பட்டு ரவிக்கைக்குக் கை மாத்தித் தச்சுக் குடுத்தாரு. அத நான் மன்னிக்க மாட்டேன், சாகுமட்டும் மன்னிக்க மாட்டேன். ஆனா அதுக்காவண்டி ஒரு மனுசனப் பிடிச்சு உள்ள போடுங்கன்னு நான் எவங்கிட்டயாவது சொன்னனா?" என்று கேட்டாள்.

பூட்டு திறந்துகொண்டது. பெண்கள் குலவை போட்டார்கள். பேராச்சி டெய்லரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஜில்லாத் தலைநகருக்குப் போய் ஒரு புதுப் பூட்டு வாங்கிக்கொண்டு வந்தார். பளபளவென்று, உள்ளங்கையை நிறைக்கிற எஃகுப் பூட்டு. பழைய பூட்டை, சூடியிருந்த பூவோடு கோணிப்பையில் கட்டிக் கோர்ட்டுக்குப் போகிற பழைய சாமான்களோடு அனுப்பிவிட்டார். டெய்லரை உள்ளே வைத்து, ஒன்றும் சொல்லாமல் பூட்டினார். பூட்டு பூட்டாகவே இருந்தது.

அன்றைக்கு ஊர் ஸ்டேஷன் வாசலில் காத்திருந்தது. சாயங்காலம் வரை காத்திருந்துவிட்டுப் போனது. அடுத்த நாள் யாரோ புதுப் பூட்டுக்கும் பூ வைத்தார்கள், அதற்கும் பழகட்டும் என்று. பூசாரி வந்து விபூதி போட்டுப் பார்த்தார். ஞானதிரவியத்தின் மனைவி தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்து கம்பி வழியாக ஊட்டாத குறையாகக் கொடுத்துவிட்டுப் போனாள். பூட்டு சும்மா இருந்தது. சும்மா இருந்தே நாலைந்து நாள் ஆனபோது, ஆறுமுகநயினார் டீக்கடையில் ஒரு பேச்சைக் கேட்டார். பேசியது மாடக்கண்ணு, கோழி கேஸ் மாடக்கண்ணு.

"என்னதான் இருந்தாலும், ஒண்ணுமே இல்லன்னா பூட்டு தெறந்திருக்கும்லா?"

"அது புதுப் பூட்டுடே."

"பூட்டு புதுசுன்னா நாயம் புதுசா? டெய்லர் எதையோ மறைக்காரு. பாவம், பயந்திருப்பாரு."

கெட்ட எண்ணத்தில் யாரும் பேசவில்லை, வருத்தத்தோடுதான் பேசிக்கொண்டார்கள். தப்பு யார் மேல் என்று தாங்களே யோசிக்கிற வேலையை அவர்கள் ரொம்ப நாளாகப் பூட்டிடம் கொடுத்து வைத்திருந்தார்கள், அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஏட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். இந்த ஊரை இப்படிப் பழக்கியதே நான்தானே என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. வீட்டில் பேராச்சியிடம் டெய்லரைப் பற்றிக் கேட்டார். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "எனக்கு என்ன தெரியும், பூட்டு தெறக்கலைய" என்றாள். படுத்தார். பாயில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த முகத்துக்கு மூக்குக்கண்ணாடி இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அது அந்தப் பக்கம் இருந்தது.

அமைச்சர் வருவதற்கு முந்தின நாள், இன்ஸ்பெக்டர் குளத்தங்கரையில் பந்தல் வேலையைப் பார்க்கப் போயிருந்தார். சந்தை நாள் ஆனதால் ஸ்டேஷன் வாசலில் வழக்கம்போலக் கூட்டம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. லாக்கப்புக்குள் காஜா எடுக்கச் சட்டை கிடந்தது, ஞானதிரவியம் அதைத் தொடவில்லை.

"ஏட்டையா" என்று கூப்பிட்டார். ஏட்டு கம்பிக்கருகே போனார்.

"நான் ஒண்ணு கேக்கட்டா? ஒருவேள நான் பாத்துட்டு மறந்துட்டனோ?"

"என்ன அண்ணாச்சி சொல்லுதீய?"

"வயசாகுதுல்லா. எல்லாரும் நான் பாத்தேன்னு சொல்லுதாவ. பூட்டும் தெறக்கல. வீட்டுல அவகூட நேத்து, எதுக்கும் நல்லா யோசிச்சுப் பாருங்கன்னு சொல்லிட்டுப் போறா. யோசிச்சுப் பாத்தா, பாட்டில் இருந்த மாதிரியும் இருக்கு. ரூம் சன்னல் வழியா மினுங்குன மாதிரி இருக்கு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டார். "அந்தப் பேப்பரக் கொண்டாங்க ஏட்டையா, போட்டுருதேன். எல்லாருக்கும் செரமம்."

பேப்பர் மேசையில்தான் இருந்தது, மேலே பேனாவும் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் போதும். டெய்லர் மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்குப் போய்விடுவார், இன்ஸ்பெக்டருக்கு உட்கார நேரம் கிடைக்கும், ஏட்டுக்கு வரப்போகிற ரிட்டயர்மென்ட் நல்லபடியாக வரும். இத்தனை வருஷ சர்வீஸில் ஆறுமுகநயினார் செய்த உதவிகளெல்லாம் இந்த மாதிரிதான், டீ வாங்கிக் கொடுக்கிற மாதிரி. மேசைப் பக்கம் போனார். பேனாவை எடுத்தார். தன் கை அதை எடுப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். எந்த விஷயம் அந்தப் பழைய பூட்டுக்குத் தெரிந்திருந்ததோ அது அவருக்கும் தெரியும். பூட்டுக்காவது எப்படித் தெரிந்தது என்று யாருக்கும் தெரியாது, இவருக்கு எப்படித் தெரியும் என்பது இவருக்கு நன்றாகத் தெரியும். கையில் அன்றைக்குப் பட்ட பெட்ரோல் வாசனை வீட்டுக்குப் போய்ச் சீயக்காய் போட்டுக் கழுவியும் போகாமல் இருந்தது.

பேனாவை வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"நீங்க ஒண்ணையும் மறக்கல அண்ணாச்சி" என்றார். "நீங்க பாக்கல. பாக்கதுக்கு அங்க ஒண்ணும் இல்ல. பங்குல போய் அதப் பிடிச்சுக்கிட்டு வந்தவன் நான்."

ஞானதிரவியம் அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் ஏட்டுக்குச் சுலபமாக இருந்திருக்கும். முகத்தில் ரத்தம் திரும்ப ஏறியதுபோல, காய்ச்சல் விட்டவர் பார்க்கிற மாதிரி பார்த்தார். "அப்போ எனக்குக் கிறுக்கு இல்ல" என்றார், மெதுவாக.

"இல்ல அண்ணாச்சி."

ஆறுமுகநயினார் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். புதுப் பூட்டுக்குச் சாவி இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தது, முதல் சுற்றில் சிக்கிக்கொண்டது, இடது கையால் பூட்டை ஏந்திப் பிடித்து மறுபடியும் திருப்பினார். அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. பூட்டு திறந்தது. கதவை இழுத்துத் திறந்து, டெய்லரின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

வாசலில் இருந்தவர்கள் டெய்லர் வெளியே வருவதைத்தான் பார்த்தார்கள். "தெறந்துட்டு, பூட்டு தெறந்துட்டு" என்று ஒருத்தி சொல்ல, அது சந்தை வரைக்கும் ஓடியது. குலவை கிளம்பியது. கத்தரிக்காய்க் கூடையோடும் கருவாட்டுப் பொட்டலத்தோடும் ஆட்கள் ஓடி வந்தார்கள். மாடக்கண்ணு கன்னத்தில் போட்டுக்கொண்டான். "நான் அன்னைக்கே சொன்னேன்லா, பழகட்டும், பழகுனா அதுவும் தெறக்கும்னு" என்றார் பூசாரி. எல்லோர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க ஏட்டுக்கு ஆசையாக இருந்தது, அப்படியே விட்டுவிடலாம் என்றும் இருந்தது.

ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் கார்வண்ணன் இறங்கி, கூட்டத்தைப் பார்த்தார், டெய்லரைப் பார்த்தார், ஏட்டைப் பார்த்தார், ஏட்டின் கையில் இருந்த சாவியையும் பார்த்தார். பார்த்துவிட்டு அதைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த இளம் முகத்தில் கோபத்துக்குப் பதிலாகக் கெஞ்சல் இருந்தது. பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில், "இதுவும் தானா திறந்துக்கிச்சா ஏட்டு? சொல்லுங்க. பூட்டு திறந்துக்கிச்சுன்னு மேல சொல்லிடறேன், யாருக்கும் ஒண்ணும் ஆகாது" என்றார். உள்ளே போன் அடிக்க ஆரம்பித்தது.

கூட்டம் அடங்கி ஏட்டின் வாயைப் பார்த்தது. அவர் ஆமாம் என்று சொல்வார் என்று அத்தனை பேரும் எதிர்பார்த்தார்கள். சொன்னால் நம்புவார்கள். நாளைக்குப் புதுப் பூட்டுக்கும் எலுமிச்சம்பழம் வந்துவிடும். அது திறக்காத ஒரு நாளில், உள்ளே இருக்கிற எவனையாவது பார்த்து, எதையோ மறைக்கிறான் என்று மறுபடியும் சொல்வார்கள்.

"இல்லய்யா" என்றார் ஆறுமுகநயினார். எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்பதால் சத்தமாகவே சொன்னார். "இந்தப் பூட்டுக்கு ஒண்ணும் தெரியாது. டெய்லர் மேல தப்பு இல்ல, பாட்டில் நான் கொண்டாந்து வச்சது. நாந்தான் தெறந்தேன்."

யாரும் குலவை போடவில்லை. இன்ஸ்பெக்டர் இன்னும் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு, போனை எடுக்க உள்ளே போனார். நின்றுகொண்டே பேசுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஏட்டு பெல்ட்டைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார், டெய்லரும் போகாமல் அவரோடு உட்கார்ந்துகொண்டார். சந்தைக் கூட்டத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, கலையவும் தோன்றவில்லை.

பின்னால் வந்த ஒரு கருவாட்டுக்காரி மூச்சிரைக்கக் கூட்டத்துக்குள் புகுந்து, தனக்கு முன்னால் நின்ற பெண்ணின் தோளைத் தட்டி, "என்ன மைனி, பூட்டு தெறந்துட்டாமே?" என்று கேட்டாள்.

முன்னால் நின்றது பேராச்சி. இனி என்னென்ன வரும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது, முந்தானையைப் பிடித்திருந்த கை விடவில்லை.

"பூட்டு எங்க தெறந்துச்சு?" என்றாள். "எங்க வீட்டு அவுகல்லா தெறந்தாவ."